ஓம்னி குலுங்கினால் உடனே கிளட்சைக் கழற்றாதீர்கள்

தாராவி 90 அடி ரோட்டில் எங்கள் மாவுக் கடை. இரவு இரண்டரைக்குக் கிரைண்டர் நிற்கும், மூன்றே முக்காலுக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். மாட்டுங்கா, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் என்று பதினெட்டுக் கடைகளுக்கு இட்லி மாவு போட்டுவிட்டு ஏழு மணிக்குள் திரும்ப வேண்டும். வழியில் வண்டி நின்றால் மாவு புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். நான் மெக்கானிக் இல்லை. அந்தப் பயத்தில் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

என் வண்டி 2011 மாடல் மாருதி ஓம்னி. 796 சிசி, மூன்று சிலிண்டர். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், இழுப்பது பின் சக்கரம். 1984-ல் வந்த வண்டியை 2019-ல் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் பம்பாயில் இன்னும் பால், பூ, மாவு என்று ஏதாவது ஒன்றை ஏற்றிக்கொண்டு ஓடத்தான் செய்கிறது. என்னுடையதில் வெளியே போட்ட சிஎன்ஜி கிட்டும் உண்டு. சொல்லப்போவது பெரும்பாலும் ஓம்னியை வைத்துத்தான். ஈக்கோ, வெர்சா வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், நான்கு சிலிண்டர் என்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நான் ஏமாந்த கதை. ஒரு ஜூலை மாதம், செம்பூர் அமர் மஹால் மேம்பாலம் ஏறும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. பின்னால் மாவு டப்பாக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அன்றைக்கே ஒரு கேரேஜில் விட்டேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் "கிளட்ச் கயா", கிளட்ச் போச்சு, என்றார்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கூலி எல்லாம் சேர்த்து ரூ.5,200. நான்கு நாள் நன்றாக ஓடியது. மழை விட்டிருந்த நான்கு நாள் அது. ஐந்தாம் நாள் மழை பிடித்ததும் அதே மேம்பாலம், அதே வெட்டு. கடைசியில் கோளாறு ஒரு பிளக் ஒயரில் இருந்தது. கழற்றிப்போட்ட பழைய கிளட்ச் பிளேட்டை வாங்கி வந்து கடையில் மாட்டி வைத்திருக்கிறேன், இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும் அது.

அதனால் கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: குலுக்கல் இன்ஜினிலிருந்து வருகிறதா, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் கிளட்ச், கியர் பாக்ஸ், ஷாஃப்ட்டிலிருந்து வருகிறதா? இதற்குக் காசு செலவில்லை.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கேளுங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பாகவே கொஞ்சம் நடுங்கும். ஆனால் அந்த நடுக்கத்துக்கு ஒரு தாளம் இருக்கும். ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு பலம் போகிறது, தாளம் நொண்டும். சைலன்சர் வாயில் உள்ளங்கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் புகை ஒரே சீராக வராமல் இடையிடையே ஒரு அடி தவறுவது தெரியும். நிற்கும்போதே நொண்டினால் அது இன்ஜின்தான், கிளட்சைப் பற்றிப் பேச வேண்டாம்.

நிற்கும்போது ஒழுங்காக இருந்து, ஓடும்போது மட்டும் வெட்டினால் காலி ரோட்டில் இப்படிப் பாருங்கள். 40-ல் போகும்போது கிளட்சை முழுதாக மிதித்துவிட்டு வண்டியை உருள விடுங்கள். குலுக்கல் அப்போதும் தொடர்ந்தால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டு), சக்கரம், டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) பக்கம் தேடலாம். கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால், அடுத்து டாப் கியரில் மெதுவாக ஓட்டி ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்திப் பாருங்கள், முடிந்தால் ஏற்றத்தில். 'டுக்… டுக்…' என்று பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் தவறுகிறது. இன்ஜின் சத்தம் கூடுகிறது, வண்டி வேகம் மட்டும் கூடவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப். முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் உடம்பு முழுக்க உதறி, ஓட ஆரம்பித்ததும் சரியாகிவிட்டால் கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது இன்ஜின் மவுண்ட் ரப்பர் பிய்ந்திருக்கலாம். இவ்வளவும் தெரிந்திருந்தால் எனக்கு ரூ.5,200 மிச்சம்.

மிஸ்ஸிங் என்றால்

சிஎன்ஜி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, பெட்ரோல் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது இல்லை. டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சே பாதி டாக்டர். மிஸ்ஸிங் வரும்போது எரிபொருளை மாற்றிப் பாருங்கள். பெட்ரோலில் மட்டும் வந்தால் இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அல்லது டாங்க்கில் கிடக்கும் பழைய பெட்ரோல். இரண்டிலும் வந்தால் தீப்பொறி, காற்று, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) இந்த மூன்றில் ஒன்று. சிஎன்ஜியில் மட்டும் வந்தால் எல்லோரும் கேஸ் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெட்யூசரைத்தான் சந்தேகப்படுவார்கள். அவசரப்படாதீர்கள். சிஎன்ஜியைக் கொளுத்த பெட்ரோலைவிட வலுவான பொறி வேண்டும். பிளக்கோ ஒயரோ தளர ஆரம்பித்தால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது சிஎன்ஜி. பெட்ரோலில் அதே வண்டி இன்னும் இரண்டு மாதம் நல்லபிள்ளையாக ஓடும். ஆகவே பிளக், ஒயர் பார்த்துவிட்டு அப்புறம் ரெட்யூசர்.

பழைய பெட்ரோல் என்று சொன்னேனே, அது எங்களைப்போன்ற ஆட்களின் சொந்தத் தப்பு. சிஎன்ஜிதான் இருக்கிறதே என்று இரண்டு லிட்டர் பெட்ரோலை ஆறு மாதம் டாங்க்கில் போட்டு வைப்போம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அதிகமானால் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அதோடு, டாங்க்குக்குள் இருக்கும் எலக்ட்ரிக் பம்ப் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிரும். மாதம் ஒரு தடவை ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி, தினமும் கொஞ்ச தூரம் அதில் ஓட்டுங்கள்.

சரி, எந்த சிலிண்டர்? முன் சீட்டைத் தூக்குங்கள், இன்ஜின் தெரியும். அதற்கு முன் இரண்டு விஷயம். பெட்ரோல் வாசனை வந்தாலோ கேஸ் வாசனை வந்தாலோ எதையும் செய்யாமல் வெளியே வாருங்கள். சிஎன்ஜி சிலிண்டரின் வால்வை மூடிவிட்டுப் பெட்ரோலில் மட்டும் சோதனை செய்யுங்கள். இன்ஜினைப் பெட்ரோலில் ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல்) ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டராகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது இன்ஜின் தடுமாறுகிறதோ அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எதைக் கழற்றியும் இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லையோ, அதுதான் சும்மா உட்கார்ந்து சோறு தின்கிற சிலிண்டர். பழைய ஆட்கள் பிளக் ஒயரையே இழுத்துப் பார்ப்பார்கள். ஒயர் வழியாகப் பாய்வது பல ஆயிரம் வோல்ட். கை உதறும், காயில் கெடும், எரியாத பெட்ரோல் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் சாகடிக்கும். இன்ஜெக்டரைக் கழற்றினால் பெட்ரோலே வராது, அந்தத் தொல்லை இல்லை. கார்புரேட்டர் வண்டியில் இன்ஜெக்டர் கிடையாது. அங்கே இன்ஜினை நிறுத்தி, ஒரு ஒயரைக் கழற்றி, அதன் முனையில் பழைய பிளக் ஒன்றை மாட்டி, பிளக் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, பிளக் முனையில் பொறி வருகிறதா என்று பாருங்கள்.

என் வண்டியில் இந்தச் சோதனை பகலில் எதையும் காட்டவில்லை. மூன்று சிலிண்டரும் ஒழுங்கு. மழையில் மட்டும்தான் கோளாறு, மழையிலோ நின்று பார்க்க நேரமில்லை. கடையில் மாவு அரைக்கிற தம்பிதான் வழி சொன்னான்: "அண்ணே, மழை வர்றவரைக்கும் ஏன் காத்திருக்கணும், நாமளே பெஞ்சுருவோமே." வீட்டில் துணி அயர்ன் செய்ய வைத்திருக்கும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து வந்தான். அதிகாலை மூன்று மணி, சந்து விளக்கையும் மறைத்து ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டோம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒயர்கள் மேல் பூமாதிரி இரண்டு தடவை அடித்தான். மூன்றாவது ஒயர், ரப்பர் மூடி இன்ஜினைத் தொடுகிற இடத்துக்கு ஒரு விரல் மேலே, ஊசிமுனை அளவு நீலமாக ஒன்று துள்ளியது. மறுபடி துள்ளியது. துள்ளும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம், கூடவே இன்ஜின் ஒரு அடி தவறியது. பிளக்குக்குள் போக வேண்டிய பொறி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்கு வழியில் இரும்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் ரப்பரில் ஒரு மயிரிழை விரிசல், அவ்வளவே.

இந்தச் சோதனையைச் செய்யும்போது கையை ஒயர்களுக்குத் தூரமாக வையுங்கள். தண்ணீரை ஊற்றக்கூடாது, பனித்துளி போதும். டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரித்து அனுப்புவது) இருக்கும் மாடலானால் அதன் கேப் மேலும் அடித்துப் பாருங்கள், விரிசல் அங்கேயும் விழும். ஓம்னியில் இன்ஜின் இருக்கும் இடம் அப்படி: முன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக அடியில்தான் வரும். கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் பக்கம் முட்டளவு தண்ணீர் நிற்கும் நாளில் அந்த வழியே போகாமல் இருப்பதுதான் நல்ல மெக்கானிக் வேலை.

ஒயர் மாற்றினால் செட்டாக மாற்றுங்கள். ஒன்று போனால் கூடப்பிறந்த மற்றதும் அதே வயசுதான். கழற்றும்போது 1, 2, 3 என்று பேப்பர் டேப் ஒட்டுங்கள். ஒயர் மாறிப்போனால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, அல்லது சைலன்சரில் பட்டாசு வெடிக்கும். ஒயரை இழுக்காமல் மூடியைப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். குர்லா சிஎஸ்டி ரோட்டில் பழைய சாமான் மலையாகக் கிடைக்கும், கியர் பாக்ஸே கிடைக்கும். பிளக், ஒயர் மட்டும் அங்கே வாங்காதீர்கள், புதுசாகவே வாங்குங்கள்.

பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை சேர்ந்து வந்துவிடும். கழற்றிய மூன்றையும் வரிசையாக ஒரு பேப்பர் மேல் வைத்துப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் காற்று அதிகம், எங்கேயோ ஒரு ஹோஸ் ஓட்டை வழியாக வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பொறி வரவில்லை. எண்ணெய் பிசுக்காக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது. பிளக்கைத் துடைத்துப் போட்டால் ஒரு மாதம் ஓடும், பிறகு அதே கதை. மூன்றில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் பாதி விடை கையில் இருக்கிறது. அந்த பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக் கோளாறு. போகவில்லையென்றால் அந்த சிலிண்டரில்தான் ஏதோ இருக்கிறது. ஒயரையும் இன்ஜெக்டரையும்கூட இதேபோல் இடம் மாற்றிப் பார்க்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். புது பிளக்கை முதலில் விரலால் திருக வேண்டும், விரல் நின்ற பிறகுதான் ஸ்பேனர். பிளக் முனை இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்துப் பார்க்கவும். சிஎன்ஜிக்கு அதைப் பெட்ரோலைவிடச் சற்று குறைத்து வைப்பார்கள். அளவைக் கிட் போட்ட இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோஸ் உறிஞ்சுகிறதா என்று பார்க்க அந்த ஸ்ப்ரே பாட்டிலே போதும். ஐடிலில் ஓடும்போது ஹோஸ் மூட்டுகளில் தண்ணீர் அடித்தால், ஓட்டை உள்ள இடத்தில் இன்ஜின் சத்தம் மாறும். சிலர் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில், சிஎன்ஜி சிலிண்டரைப் பின்னால் வைத்துக்கொண்டு, நான் அடிக்க மாட்டேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் நொண்டுகிறதா? அப்போது டாப்பெட், வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம். இதை சிஎன்ஜிக்காரர்கள் கவனமாகப் படியுங்கள். கேஸில் ஓடும் இன்ஜினில் வால்வும் அது உட்காரும் சீட்டும் சீக்கிரம் தேயும். தேயத் தேய வால்வ் மேலே ஏறி டாப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி அதிகமானால் 'டக் டக்' என்று சத்தம் வரும், நாம் பயந்து சரிசெய்வோம். இடைவெளி போய்விட்டால் சத்தமே வராது. "இன்ஜின் எவ்வளவு ஸ்மூத்தா இருக்கு பாரு" என்று சந்தோஷப்படுவோம். உள்ளே வால்வ் முழுதாக மூடாமல், நெருப்பு அந்த இடுக்கில் ஓடி விளிம்பை அரித்துக்கொண்டிருக்கும். சூடானதும் ஐடிலில் மட்டும் மிஸ்ஸிங், வேகம் எடுத்தால் தெரியாது என்றால் இது இருக்கலாம். டாப்பெட் செட் செய்யச் சொல்லுங்கள்; ஆறிய இன்ஜினில் செய்கிற மெக்கானிக்கிடம் போங்கள். கூடவே கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று குறைந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும்: அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட். மூன்றுமே சேர்ந்து குறைந்திருந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது என்று பொருள், ஓட்டாதீர்கள். கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் ஏற்கும் வண்டியானால் பி0301 என்றால் முதல் சிலிண்டர், 0302 இரண்டாவது, 0303 மூன்றாவது, பி0300 என்றால் ஒன்று என்று சொல்ல முடியாதபடி மாறிமாறி வருகிறது. எந்த சிலிண்டர் என்று ஸ்கேனர் சொல்லும், ஏன் என்று சொல்லாது.

கிளட்சும் கியரும்

ஸ்லிப் சந்தேகம் வந்தால் சமதரையில் நிறுத்தி, முன்னால் ஆள் இல்லாமல், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்து, மூன்றாவது கியரில் போட்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது. கிளட்சை முழுதாக விட்டும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் போய்விட்டது. ஒரே ஒரு தடவைதான், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகும்.

ஆனால் பிளேட்டுக்கு முன்னால் கேபிள். ஓம்னியில் கிளட்ச் வேலை செய்வது கேபிளில். பெடலைக் கையால் அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் சும்மா போகும், பிறகுதான் எதிர்ப்பு வரும். அந்தச் சும்மா போகிற தூரமே இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் அரை மிதியில் இருக்கிறது, அதனாலேயே ஸ்லிப் ஆகும். அது மிக அதிகமானால் மிதித்தாலும் முழுதாகப் பிரியாது. கியர் போடும்போது 'கர்ர்' என்று அரைக்கும், ரிவர்ஸ் விழவே விழாது. கேபிள் முனையில் இருக்கும் நட்டைத் திருகினால் இரண்டும் சரியாகும். ஐந்து நிமிட வேலை. கேபிள் இழைகளில் ஒன்றிரண்டு பிரிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள், அறுந்தால் நடுரோட்டில்தான் அறும்.

ரிவர்ஸ் மட்டும் அரைத்தால் பயப்பட வேண்டாம். கிளட்சை மிதித்து மூன்று எண்ணிவிட்டுப் போடுங்கள், உள்ளே சுற்றுவது நிற்கட்டும். எல்லாக் கியரும் தொளதொளவென்று, எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தால் கியர் லிவரைப் பாக்ஸோடு இணைக்கும் லிங்க்கேஜின் புஷ் தேய்ந்திருக்கும். பாக்ஸைத் தொட வேண்டாம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் கிரீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் இருந்து, மிதித்ததும் நின்றால் பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங். கிளம்பும்போதும் ரிவர்ஸ் மாற்றும்போதும் அடியில் 'டங்' என்று ஒரு அடி கேட்டால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் க்ராஸ், அதாவது அதன் மூட்டு. வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியும்.

தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியானால் கியர் ஆயிலைப் பாருங்கள். பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி, சுண்டுவிரலை விட்டு எடுங்கள். ஆயில் ஓட்டை விளிம்பு வரை இருக்க வேண்டும். விரலில் ஒட்டியது பால் ஊற்றிய காபி நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர். சூடான பாக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது ப்ரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் டிஃபரென்ஷியலையும் அதேபோல் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுவார்கள். இரண்டிலும் ஆயிலை மாற்றுங்கள். வடிக்கும்போது மையாக நைந்த இரும்புத்தூள் இருந்தால் வயசுதான். நகம் அளவுக்குத் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது, ஓட்டாமல் இழுத்துப் போங்கள். அப்படி இழுக்கும்போது பாக்ஸ் என்றால் பின் சக்கரத்தைத் தூக்கியோ ஷாஃப்ட்டைக் கழற்றியோ, டிஃபரென்ஷியல் என்றால் பின் சக்கரத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும், உடைந்த பல் உள்ளே சுற்றக்கூடாது.

ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால், மற்றதெல்லாம் வெண்ணெயாக விழுந்தால், அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் (கியர் விழும் முன் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. அதற்குப் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். என் வண்டியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது அப்படித்தான். இப்போதைக்கு கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு லேசாக ஆக்சிலேட்டர், மறுபடி மிதித்து இரண்டு என்று லாரிக்காரர் மாதிரி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அரைப்பதில்லை. விநாயகர் சதுர்த்தி ஆர்டரெல்லாம் முடியட்டும், பாக்ஸை இறக்கலாம் என்று மெக்கானிக் சாச்சாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு நாளைக்கு மாவை எதில் கொண்டுபோவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.